வாயால் கெஞ்சாதே, எழுதிக் கொடு!

2018 ஜனவரி. பதுளை நகரத்துத் தமிழ் மகளிர் பாடசாலை ஒன்றின் அதிபர், ஊவா மாகாணத்தின் அப்போதைய முதலமைச்சருடைய உத்தியோகபூர்வ இல்லத்துக்கு அழைக்கப்பட்டார். முதலமைச்சரின் கடிதத்தோடு வந்த ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள அவர் மறுத்திருந்தார். அங்கே தன்னை முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள் என்று அவர் வெளியே சொன்னபோது நாடே அதிர்ந்தது. முதலமைச்சர் மறுத்தார். ஆசிரியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரணையில் இறங்கியது. முதலமைச்சர் தன்னிடமிருந்த மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பை விட்டு விலகினார்.

தம்பி, தங்கச்சி, இந்தச் செய்தியை நீ அன்றைக்குப் படித்திருப்பாய். ரத்தம் கொதித்திருக்கும். ஆனால் அதில் நீ கவனிக்க வேண்டிய இடம் வேறு. அந்தப் பெண்மணிக்கு நடந்ததை எல்லாரும் பேசினார்கள். அவர் வாயைத் திறந்த பிறகு அதிகாரம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை யாரும் பேசவில்லை. சொல்லாதவரை அது நான்கு சுவருக்குள் நடந்த அவமானம். முறைப்பாடாக மாறிய கணத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியவர் மாறிவிட்டார்.

இந்தக் கட்டுரை உனக்குத்தான். நமுனுகுலை, பசறை, லுணுகலை, தெமோதரை, ஹாலிஎல, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை என்று ஊவா மலைகளின் லயங்களிலிருந்து படித்து மேலே வந்து, இன்றைக்கு ஆசிரியராக, கிராம உத்தியோகத்தராக, அபிவிருத்தி உத்தியோகத்தராக, பிரதேச செயலக எழுதுவினைஞராக, ஆஸ்பத்திரித் தாதியாக அரச சேவையில் நிற்கிற உனக்கு. பட்டம் இருக்கிறது உன்னிடம். நியமனக் கடிதம் இருக்கிறது. ஆனாலும் மேலதிகாரியிடமிருந்து ஒரு கடித உறை வந்தால் உன் கை நடுங்குகிறது. ஏன் நடுங்குகிறது? அந்த நடுக்கம் உன்னுடையதே இல்லை. உன் பாட்டனுடையது.

உன் பாட்டன் காலத்தில் தாள் என்பது துரையின் கையில் இருந்தது. ‘துண்டு’ என்று ஒரு சீட்டு. கங்காணிக்கும் அவன் ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும். ஒரு துண்டுத் தாளில் ஒரு குடும்பமே தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறியது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. நாடற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? மிச்சமிருந்தோருக்கு பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஆக, அரசாங்கக் கோவை ஒன்றில் உத்தியோகத்தனாக உன் பெயர் ஏறுவது உன் குடும்பத்தில் முதல் முறையாக இருக்கலாம். அந்தப் பெயரை நீ காப்பாற்ற வேண்டாமா?

அந்தப் பாட்டன்களையும் பயந்தவர்கள் என்று நினைத்துவிடாதே. பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டம் இருக்கிறது. 1940இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் தங்களுக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேச தோட்டத்துரை இணங்க வேண்டியிருந்தது. எழுத்து தெரியாத கைகள் அதைச் செய்தன. எழுத்து தெரிந்த உன் கை ஏன் மேசைக்கு அடியில் ஒளிகிறது?

சரி, அந்தக் கடித உறையைப் பிரிப்போம். நீ பசறைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் ஆசிரியை என்று வை. உன்னைக் கந்தோருக்குக் கூப்பிடுகிறார்கள். மின்விசிறிக்கு அடியில் தாள்கள் படபடக்கின்றன. எதிரில் இருப்பவர் அன்பாகத்தான் பேசுகிறார்: “மிஸ், சின்ன விஷயம். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தீங்கன்னா இதோட முடிச்சிரலாம். பெரிசாக்க வேணாம்.” நீ நம்புகிறாய். நடக்காத ஒன்றுக்கு “இனிமேல் இவ்வாறு நடவாது” என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறாய். வெளியே வந்து பஸ் ஏறும்போது மனசு லேசாகிவிடுகிறது. ஆனால் அந்தத் தாள் உன்னுடைய தனிப்பட்ட கோவைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பதவி உயர்வு வரும்போது அது எழுந்து உட்காரும். அன்றைக்கு அது மன்னிப்புக் கடிதம் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான உன் கையெழுத்துச் சான்று.

இதைத்தான் தடுக்க வேண்டும். தடுப்பதற்கு வீரம் வேண்டாம், சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். நாலைந்து சொற்களின் பொருள் தெரிந்தால் போதும்.

விளக்கம் கோரும் கடிதம் வந்திருக்கிறதா? அதில் நீ குற்றவாளி என்று ஒருவரும் எழுதவில்லை. என்ன நடந்தது, சொல் என்று கேட்கிறார்கள். கேட்டதற்கு மட்டும், கேட்ட திகதிக்குள், நடந்ததை நடந்தபடி எழுது. அழுது எழுதாதே. தாய்க்குச் சுகமில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீட்டாதே. அது காரணமாக இருந்தால் வைத்தியச் சான்றிதழை இணை, கதையை விடு. கடிதம் கைக்கு வந்ததற்குக் கையொப்பம் கேட்டால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் திகதியும் நேரமும் போடு. அதற்கு மேல் ஒரு சொல் எழுதாதே.

அடுத்தது பூர்வாங்க விசாரணை. இங்கேதான் நம் பிள்ளைகள் பாதி உயிரை விடுகிறார்கள். யாரோ ஒருவர் வந்து வாக்குமூலம் எடுக்கிறார் என்றதுமே வேலை போய்விட்டது என்று வீட்டில் ஒப்பாரி. குற்றச்சாட்டு வைக்க முகாந்திரம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டம். தீர்ப்பு கிடையாது. ஆனால் நீ இங்கே கொடுக்கும் வாக்குமூலம் கடைசிவரை உன்கூடவே வரும். ஆகவே எழுதியதை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதே. உனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கவே வைக்காதே. யார் முகம் கோணினாலும் சரி.

குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தால்? வரட்டும்! பத்திரம் வருவது நல்லது என்றுகூடச் சொல்வேன். காற்றில் பேசிய பழி இப்போது தாளில் இறங்கி நிற்கிறது. என்றைக்கு, எங்கே, என்ன செய்தாய், எந்த விதியை மீறினாய் என்று அது சொல்லியாக வேண்டும். எந்த ஆவணங்களை, எந்தச் சாட்சிகளை வைத்து நிரூபிக்கப் போகிறார்கள் என்றும் சொல்லியாக வேண்டும். அந்த ஆவணங்களைப் பார்வையிட உனக்கு உரிமை உண்டு. போய்ப் பார், குறிப்பு எடு. தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் 48ஆம் அத்தியாயம் முழுக்க இந்த ஒழுக்காற்று நடைமுறைதான். மாகாண சேவையில் இருந்தால் உன் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் நடைமுறை விதிகளையும் சேர்த்துப் படி. உன் நியமனக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய். இந்த அத்தியாயத்தை ஒரு தடவையாவது புரட்டியிருக்கிறாயா? ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் தொடங்கி உயர்தரம்வரை எத்தனை ஆயிரம் பக்கம் மனப்பாடம் செய்தாய். இது சில பத்துப் பக்கம்.

முறைசார் விசாரணை தொடங்கினால் உனக்குத் துணையாக ஒரு எதிர்வாத உத்தியோகத்தரை வைத்துக்கொள்ளலாம். சாட்சி சொல்ல வருபவரைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். உன் சாட்சிகளை அழைக்கலாம். விசாரணை உத்தியோகத்தருக்கு உன்மேல் பகை என்று காரணத்தோடு நம்பினால் தொடக்கத்திலேயே எழுத்தில் ஆட்சேபம் சொல். தீர்ப்பு வந்த பிறகு சொன்னால் தோற்றவன் புலம்புகிறான் என்பார்கள்.

இவ்வளவு உரிமையும் யாரோ போட்ட பிச்சையா? இல்லவே இல்லை. விசாரியாமல் தண்டிக்கக் கூடாது என்பது நம் மரபுக்குப் புதிய செய்தியா என்ன? பாண்டியன் சபையில் கண்ணகி வைத்த குற்றச்சாட்டு என்ன? என் கணவனை விசாரிக்காமல் கொன்றாய் என்பதுதானே. அவள் ஒப்பாரி வைத்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. கையில் சான்றுப் பொருளோடு போனாள். என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றாள்; எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்றான் பாண்டியன்; அவள் சிலம்பை உடைத்தாள். ஒரு பெண், தனி ஆள், அந்நிய ஊர், எதிரில் அரசன். சான்று பேசியது; அரியணை ஆடியது. அவளைப் பத்தினித் தெய்வம் என்று சிங்கள மக்களும் கைகூப்புகிறார்கள். உன் மேலதிகாரியின் ஊர்க் கோயிலிலும் அவள் இருக்கக்கூடும்.

‘பணி இடைநிறுத்தம்’ என்ற சொல்லைப் பார்த்து ஒடிந்துபோகாதே. விசாரணை முடியும்வரை உன்னை வேலையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அது தண்டனைப் பட்டியலில் வராது. ஆனால் ‘பதவி வெறிதாக்கல்’ என்ற சொல்லுக்கு மட்டும் பயப்படு. லீவு அறிவிக்காமல், அனுமதி பெறாமல் வேலைக்குப் போகாமல் இருந்தால் நீயே பதவியை விட்டுப் போய்விட்டாய் என்று அறிவித்தல் வரும். அதிகாரி திட்டினார், அவமானப்படுத்தினார், இனி அந்தப் படி ஏறமாட்டேன் என்று கோபத்தில் வீட்டில் உட்கார்ந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். கோபம் வந்தால் கடிதம் எழுது. கால் மட்டும் வேலைத்தலத்துக்குப் போகட்டும்.

மொழிக்கு வருவோம். “கடிதம் சிங்களத்தில் வந்தது சேர், என்ன என்று விளங்கவில்லை” என்று எத்தனை பேர் சொல்கிறீர்கள்! 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988இல் பதினாறாம் திருத்தம் நிர்வாக மொழி உரிமையை விரித்தது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஓர் அலுவலகத்தோடு தமிழில் கருமமாற்றவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, உத்தியோகக் கடமையில் அல்லாது தனி ஆளாக நிற்கும்போது, உனக்கு உரிமை தருகிறது. போதாக்குறைக்கு பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை உட்பட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999லேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரகடனமாகிவிட்டன. ‘இக்கடிதத்தின் தமிழ்ப் பிரதியைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுது. கேட்பது குற்றமாகாது. சிங்களத்தையும் நன்றாகக் கற்றுக்கொள், அது உனக்கு இன்னொரு கை. ஆனால் உன்னைக் குற்றம் சாட்டும் தாள் உனக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்பதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதே.

விட்டுக்கொடுக்காத ஒருவரின் கதை சொல்கிறேன். கோடீஸ்வரன் என்று ஒரு இலிகிதர். கேகாலைக் கச்சேரியில் வேலை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961 டிசம்பரில் திறைசேரிச் சுற்றறிக்கை வந்தது: சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் இல்லை. கோடீஸ்வரன் பரீட்சை எழுதவில்லை. 1962 ஏப்ரலில் அவருக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. ஒரு இலிகிதரின் சம்பள ஏற்றம் எவ்வளவு பெரிய தொகையாக இருந்திருக்கும்? அவர் தொகையைப் பார்க்கவில்லை. எழுதுவினைஞர் சங்கம் துணைக்கு நிற்க, சட்டமா அதிபரை எதிர்த்து கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் கோடீஸ்வரன் பக்கம் தீர்ப்பளித்தார். அந்த மொழிச் சட்டமே அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானது என்றார். அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. சொன்ன காரணம் என்ன தெரியுமா? அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்கே தொடுக்க முடியாது என்பது! மொழிப் பிரச்சினைக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பார். கோடீஸ்வரன் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனார். 1969 டிசம்பர் 11ஆம் திகதி டிப்ளொக் பிரபு தீர்ப்பை வாசித்தார்: அரச ஊழியன் தன் சம்பளத்துக்கு வழக்குத் தொடுக்கலாம்.

மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு உயர் நீதிமன்றம் பதில் சொல்லாமலே போயிற்று. அந்த அநியாயத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர் வென்றெடுத்த பாதியைப் பார். இன்றைக்குச் சம்பளம் நிறுத்தப்பட்ட எந்த உத்தியோகத்தனும், தமிழனோ சிங்களவனோ முஸ்லிமோ, நீதிமன்றப் படி ஏறினால் அந்தப் படியை முதலில் திறந்தவர் ஒரு தமிழ் இலிகிதர். ஏழரை ஆண்டு அவரைத் தளராமல் நிற்க வைத்தது எது? தனக்கு உரியதைத் தனக்கு உரியது என்று எழுத்தில் சொன்ன நெஞ்சுரம்.

நம் மலையகத்துப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்டவர்களுக்கு முதலில் மாதம் 6,000 ரூபாய்தான் கொடுப்பனவு. கேட்டுக் கேட்டுத்தான் அது 10,000 ஆனது. அப்புறமும் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்காதவனுக்கு எந்தச் சுற்றறிக்கையும் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியதில்லை.

எழுதிய விதி அழுதால் தீருமா என்று லயத்துக் கிழவிகள் பெருமூச்சு விடுவார்கள். கோவையில் எழுதியது விதி இல்லையடா! எழுதியவர் ஒரு உத்தியோகத்தர். அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அந்த எழுத்தைத் திருத்தத்தான் மேன்முறையீடு இருக்கிறது. எங்கே போவது என்பது நீ யாருடைய ஊழியர் என்பதைப் பொறுத்தது. தேசிய பாடசாலையிலோ மத்திய அமைச்சிலோ இருந்தால் அரசாங்க சேவை ஆணைக்குழு. அதன் கட்டளையாலும் பாதிக்கப்பட்டால் 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. மாகாணப் பாடசாலை என்றால் ஊவா மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழு. அதன் ஒழுக்காற்று, இடமாற்றக் கட்டளைகளை மாற்றும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு. முகவரி தவறி அனுப்பிய மேன்முறையீடு மாதக்கணக்கில் ஊர் சுற்றும், உன் காலம் ஓடிவிடும். அதனால் அனுப்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள். உன் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பு, முற்கூட்டிய பிரதி ஒன்றை நேரே பதிவுத் தபாலில் போடு, தபால் கந்தோர் தரும் பற்றுச்சீட்டைத் தங்கம்போல் வை.

சமத்துவ உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். அதற்குக் காலம் ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்றையும் கையோடு வாங்கிக்கொள். உன்மேல் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் கொடு. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும்.

இன்னொரு கடமையும் உனக்கு இருக்கிறது. உன் அப்பா இன்னும் பிரட்டுக்குப் போகிறாரா? அம்மா கொழுந்து எடுக்கிறாரா? அரச ஊழியனுக்கு ஆணைக்குழு இருப்பதுபோல் அவர்களுக்குத் தொழில் நியாயசபை இருக்கிறது. வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொழிற்சங்கமும் அவர்கள் சார்பில் விண்ணப்பிக்கலாம். நிறுத்தியதைத் தோட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டால், ஏன் நிறுத்தினோம் என்று முதலில் சாட்சி சொல்ல வேண்டியது நிர்வாகம்தான். “அவனாத்தான் வேலைய விட்டுப் போனான்” என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். ஆகவே வேலை மறுக்கப்பட்ட அன்றைக்கே அதை எழுத்தில் பதிந்து துரைக்கும் தொழில் திணைக்களத்துக்கும் அனுப்ப வேண்டும். அதை எழுத லயத்தில் யார் இருக்கிறார்கள்? நீதான் இருக்கிறாய்.

எழுந்து வா. தீர்க்கப்படாத இடமாற்றம், நிறுத்தப்பட்ட சம்பள ஏற்றம், பதில் வராத விண்ணப்பம் என்று உன்னை உள்ளுக்குள் அரிக்கும் ஒன்று நிச்சயம் இருக்கும். அதை இன்று இரவு ஒரே பக்கத்தில் எழுது. திகதியோடு நடந்ததைச் சொல், எந்த விதியின்படி என்ன வேண்டும் என்று கேள், ஆவணங்களின் பிரதிகளை இணை, கீழே முழுப்பெயரில் கையெழுத்திடு. ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை நாளைக்கே பதிவுத் தபாலில் சேர். கட்டளை உன் கைக்கு வந்து இருபது நாள் ஆகிவிட்டதென்றால், உயர் நீதிமன்றம் போவதற்கான அந்த ஒரு மாதத்தில் உனக்கு மிஞ்சியிருப்பது பத்தே நாள்.